பூட்டின மாமன்

தென்காசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் காந்திமதிநாதனுக்கு ஒரே மகள் உமா மகேஸ்வரி. குத்துக்கல்வலசை வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவள். காது குத்தும்போது, அம்மா சண்முகசுந்தரியின் தம்பி முத்துகுமரன் மடியில் ஒண்ணுக்குப் போய், அவர் பட்டுவேட்டியை ஒரு வழி பண்ணியவள். இன்றைக்கும் அந்த மாமா என்றால் அவளுக்கு உயிர்.

அப்பா கடைக்கும் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். விவரத்தை நிரப்பினால் பத்திரிகை தயார். அதில் தாய்மாமன் இடத்தை மட்டும் 'கான்ஸ்ட்' என்று பூட்டியிருந்தாள். ஓர் ஆளை வைத்துவிட்டால் அங்கே இன்னோர் ஆளை வைக்க முடியாது. பூட்டச் சொன்னதே அப்பாதான். கடையநல்லூர்க்காரர் ஒருவர் மச்சினன்மாரோடு சண்டை போட்டுச் சண்டை போட்டு மாமனை மூன்று தடவை மாற்றி, நானூறு பத்திரிகை குப்பைக்குப் போன கடுப்பு அவருக்கு.

போன ஆவணியில் உமாவுக்கே கல்யாணம் கூடியது. பத்திரிகையில் தாய்மாமன் இடத்தில் முத்துகுமரனை முதல் வேலையாக வைத்துவிட்டாள். மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்த முத்துகுமரன், "என்ன அத்தான், மண்டை ஐந்தருவிப் பாறை மாதிரில்லா வழுக்குது" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அத்தானுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"ஏட்டி, அவன் பேர எடுத்துட்டு ஒங்க சின்னாச்சி மவன் பாண்டிராஜப் போடு."

"ஏறாதுப்பா. கான்ஸ்ட்."

"பூட்டுனவளுக்குத் தொறக்கத் தெரியாதாக்கும்?"

"தெரியும். தொறக்க மாட்டேன். மாமா மாலை எடுத்துத் தரலன்னா நான் மேடையே ஏற மாட்டேன். வேணும்னா ஒண்ணு செய்யுங்க. ஆளத்தான் மாத்த முடியாது, ஆளுக்குள்ள இருக்க விவரத்த மாத்தலாம். ஊரு, தொழிலு, என்னமும் போட்டுக்கிடுங்க."

முத்துகுமரன் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பத்திரிகைகளில் 'வைத்திய ரத்தினம்' என்று போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். காந்திமதிநாதன் அதை அழித்துவிட்டு 'எண்ணெய் தேய்ப்பவர், ஐந்தருவி' என்று தட்டினார். கோபம் தீரவில்லை. மச்சினன் செல் நம்பரையும் சேர்த்து அச்சுக்கு விட்டார்.

பத்திரிகை போன மூன்றாம் நாள் முத்துகுமரன் கடையில் வந்து நின்றார்.

"நம்பரையும்லா போட்டிருக்கீரு அத்தான்! மாப்பிள்ளை வீட்டுல பதினோரு பேரு தேய்க்கணும்னு நிக்காவ. மொதல்ல கூப்பிட்டது யாருங்கீரு? மாப்பிள்ளைதான். மண்டைக்கு எண்ணெய் உண்டாங்காரு!"

காந்திமதிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை.

கல்யாணத்தன்று மாலை எடுத்துக் கொடுத்தது முத்துகுமரன்தான். உமா தன் பேரைப் பூட்டி வைத்த கதை அதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது. மாப்பிள்ளை தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மணமகள் காதருகே குனிந்தார்.

"ஏட்டி, இருவது நாளு தேய்ச்சேன், ஒரு முடி அசையல. இதையும் நீதான் பூட்டி வச்சியா?"