ஒரு ‘ல்’

சங்கரன்கோவிலில் விசைத்தறித் தெருவில் நடந்த மருத்துவ முகாமில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தறி ஓட்டும் மாரியம்மாக்காவிடம், “புகைப் பழக்கம் உண்டாக்கா?” என்று கேட்டேன்.

“புகையில,” என்றாள்.

தறிச் சத்தத்தில் எனக்கு ‘புகை இல்ல’ என்று கேட்டது. வரிசை நீளமாக இருந்தது. திருப்பிக் கேட்காமல் ‘இல்லை’ என்று எழுதி, வாயைச் சோதிக்கும் பல் டாக்டரிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கன்னத்தில் புற்று.

“பல்வலிக்குன்னு வாயில அதக்க ஆரம்பிச்சது, தங்கச்சி. அன்னைக்கே சொன்னேன்லா?” என்றாள். குரலில் கோபமே இல்லை.

புகைக்கிற இலை என்பதால் அதற்குப் புகையிலை என்று பேர். அவள் ஒருநாளும் புகைத்தவளில்லை.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அக்காவுக்கு இப்போது வாய் திறக்க வரவில்லை.