பிளெக்ஸில் கிடைத்த எம்.பி.ஏ.

அக்கா மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெரியப்பா பிளெக்ஸ் வைத்திருக்கிறார். இன்று காலை பஸ்ஸுக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

சித்திமார் வரிசையில் என் படம். கீழே என் பெயர். பெயருக்குப் பின்னால் பி.காம்., எம்.பி.ஏ.

நுழைவுத் தேர்வில் நான் எடுத்த மார்க்கைப் பார்த்து இரண்டு கல்லூரிகள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. மூன்றாவது கல்லூரி இன்னும் பதிலே சொல்லவில்லை. எம்.பி.ஏ. வேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்று இன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்வதாக இருந்தேன்.

அங்கேயே நின்று பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு இன்னும் எடமே கெடைக்கல பெரியப்பா."

"கெடைக்காமயா போயிரும்? மத்த சித்திமாருக்கெல்லாம் ரெண்டு பட்டம் இருக்கு ஆத்தா. ஒனக்கு மட்டும் ஒண்ணு போட்டா வரிசை நல்லாருக்காதுல்ல."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பிளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீதானா தாயி அது? எந்தக் காலேஜுல படிச்ச? எம் மகளையும் அங்கிட்டே சேத்து விடணும். ஒன் நம்பரக் குடு."

கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அப்பா அதே பிளெக்ஸைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். என் மார்க் அவருக்கும் தெரியும். வேலைக்குப் போகிற பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

மார்க்கைப் பார்க்காமல் பிளெக்ஸைப் பார்த்து இடம் கொடுக்கும் கல்லூரி எங்காவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். இரண்டு இடம் வேண்டும். அந்த அம்மா மதியமே போன் செய்துவிட்டார்.