ஆமை முட்டைக்குப் பாலாபிஷேகம்

போன ஞாயிறு காலை கடலாமை முட்டைகளைக் காவல் காக்கப் போயிருந்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் மும்பை செம்பூர் காலனித் தமிழர்கள் பன்னிரண்டு பேர், மூன்று கார், ஒரு பேனர். பேனரில் மூன்று மொழிகளில் வாசகம். நடுவில் எங்கள் தலைவர் வைத்தி மாமா – ஆமையைவிடப் பெரிதாக.

எந்தக் கடற்கரை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஒரு பேனரோடு கிளம்பிவிடுவீர்கள்...

அங்கே காவல் பொறுப்பில் இருந்தவள் செல்வி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆமை முட்டையிட்ட நாளிலிருந்து தினமும் விடிகாலை ரயில் பிடித்து வந்து, பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். இன்னும் மூன்று நாளில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும் என்றாள். முட்டைகள் புதைந்த மணல்மேல் வலை கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது, சாப்பாடு எதையும் பிரிக்கக் கூடாது – அவள் சொன்ன விதிகள் இரண்டே இரண்டுதான்.

இரண்டையும் கால் மணி நேரத்தில் மீறினோம்.

"கூர்மாவதாரம் ஆச்சே. வெறுங்கையோட நிக்கறதா?" என்றார் மாமா. ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஸ்லோகம் ஓடியது. தூக்கிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது, நெய் மணக்க. வலைக்கு மேலே பாலை ஊற்றினார்கள். பால் பாக்கெட் வாங்கி வந்தது யார்? அடியேன்தான்.

"அண்ணாச்சி, கும்பிடணும்னா தள்ளி நின்னு கும்பிடுங்க. பால் வாசத்துக்கு நாய் வரும்லா" என்றாள் செல்வி.

மாமா புன்னகைத்தார். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பை தைக்கிற பெண் சொல்லியா கேட்பார்? அவளிடமே போனைக் கொடுத்து குரூப் போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தாள்.

முக்கால் மணி நேரத்தில் கண்காணிப்பு இனிதே நிறைவுற்றது. மாட்டுங்காவில் டிபன் காத்திருந்ததே! திரும்பும்போது காரில் எனக்கு இடமில்லை – என் சீட்டில் பேனர் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் மிச்சத்தையும் பார்க்க நேர்ந்தது.

நாய்கள் வந்தன. நான்கு. பொங்கலை முடித்துவிட்டு, பால் ஊறிய மணலைத் தோண்ட ஆரம்பித்தன. செல்வி மண்டியிட்டு, அந்த மணலைக் கையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டே அவற்றை விரட்டினாள். நான் கையில் கம்போடு நின்றேன். நின்றேன் என்பதோடு சரி. ஒரு நாய் வலைக்கு அடியில் தலையை நுழைத்தது. கழுத்தைப் பிடித்து இழுத்தாள். அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடியது.

ரத்தம் சொட்டச் சொட்ட, அவள் முதலில் பார்த்தது முட்டைகளைத்தான். ஒன்றும் உடையவில்லை. இன்னொரு தொண்டர் வந்து சேரும்வரை இடத்தைவிட்டு நகரவில்லை. அப்புறம்தான் சயான் ஆஸ்பத்திரிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை குஞ்சுகள் வெளியே வந்தன. வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்தது. 'நம் அபிஷேகத்தின் பலன்' என்று எழுதினார் மாமா. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கடி வாங்கிய கையைப் பற்றி நானும் எழுதிப் பார்த்தேன். உடனே நாலு பேர் குட்மார்னிங் போட்டு அதை மேலே தள்ளிவிட்டார்கள்.

செல்விக்குப் போன் செய்தேன். வலி பரவாயில்லை என்றாள். நன்றி சொல்லிப் பூஜை செய்ய வருகிற ஞாயிறும் மாமா ஆள் திரட்டுகிறார் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"குஞ்செல்லாம் கடலுக்குப் போயாச்சு அண்ணாச்சி" என்றாள். "இனி உங்க ஆளுவ தாராளமா வரலாம்."