மடிக்காத போர்வை

ஆமாம், உல்லாசக் கப்பலில் போனேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஹோட்டலில் லீவு கேட்டபோது மேலாளர், "ரூம் க்ளீன் பண்றவங்களுக்குக் கப்பல் கேக்குதா?" என்று சிரித்தார். நாத்தனார், "இந்த வயசுல தேனிலவா?" என்றாள். என் பெரியவன் வங்கியில் வேலை பார்க்கிறான், சின்னவனுக்கு செல்போன் கடை. கல்யாண வயதைத் தொட்ட அந்த இரண்டு தடிமாடுகளும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப எங்களுக்கு யாரும்மா சமைப்பா?" இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு கை இருக்கே, அது போதாதா என்றேன்.

ஊரார் படுத்த படுக்கையை உதறி விரித்தே என் இளமை போயிற்று. பகலில் ஹோட்டல், சாயங்காலம் வீடு. இரண்டு இடத்திலும் அதே துண்டு, அதே தலையணை, அதே கழிப்பறை. ஹோட்டலில் சம்பளம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். யாரோ விரித்த படுக்கையில் ஒரு வாரம் படுக்க வேண்டும். எழுந்ததும் அதை அப்படியே போட்டுவிட்டு நடக்க வேண்டும்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"கப்பலெல்லாம் சரி. படுக்கையைப் போட்டுட்டு நடக்கறதா? நீயா? ஒரு நாள் தாங்க மாட்ட."

"பாருங்க," என்றேன்.

மனுஷன் வாய் பலித்துவிட்டது. முதல் நாள் காலை, கடல் வெளுப்பதற்கு முன்பே முழிப்பு வந்தது. அவர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் விரிப்பை இழுத்து மூலை மடித்து, துண்டுகளை அடுக்கி, கண்ணாடியைத் துடைத்து முடித்திருந்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நம் மொழி பேசுகிறவள். வாசலிலேயே நின்று படுக்கையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"நேத்து நான் விரிச்சதுல ஏதாவது குறைங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. பழக்க தோஷம். நானும் இதே வேலைதான்."

"அந்த மூலை மடிப்பைப் பார்த்ததும் நினைச்சேன்." விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க அக்கா. என் வேலையையும் நீங்களே எடுத்துக்கிட்டா, உங்க லீவை யாரு எடுக்கறது?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் எதிரிலேயே விரிப்பை உருவி, சுருட்டிக் கட்டில் நடுவில் போட்டேன். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

மறுநாள் காலை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போர்வை பாதி தரையில் தொங்குகிறது. ஈரத்துண்டு கதவோரம் கிடக்கிறது. கை அரிக்கிறது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பாவப்பட்டு அவர் துண்டை எடுக்கக் குனிந்தார்.

"தொட்டீங்க, ஊருக்கு நீந்திதான் போகணும்."

கதவைச் சாத்திக்கொண்டு மேல்தளத்துக்குப் போனோம். சுற்றிலும் தண்ணீர். "இவ்வளவு பெரிய வண்டி, ஒரு ஸ்டாப்ல நிறுத்தறானா பாரு," என்றார். சாப்பிட்டு முடித்ததும் தட்டோடு எழுந்தேன், தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மத்தியானத்துக்குள் போர்வை மறந்துவிட்டது. அவர் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். நாத்தனார் சொன்ன தேனிலவு இதுதான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வழியில் ஒரு துறைமுகத்தில் நின்றபோது சின்னவன் போன் செய்தான்.

"அம்மா, வாஷிங் மெஷின்ல எந்த பட்டனை அமுக்கணும்?"

"ஒவ்வொண்ணா அமுக்கிப் பாரு. ஏதாவது ஒண்ணுல சுத்தும்."

கடைசி நாள்வரை ஒரு துண்டைக்கூட நான் மடிக்கவில்லை. இறங்கும்போது அவர், "கப்பல்ல ஜெயிச்சிட்ட. வீட்டுக்குள்ள கால் வச்சதும் என்ன பண்றேன்னு பார்க்கலாம்," என்றார். எனக்கும் அந்த பயம்தான் இருந்தது. அங்கே தோற்றால் கப்பலில் போனதற்கே அர்த்தமில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. தொட்டி நிறையப் பாத்திரம். நாற்காலி, மேசை, சோபா என்று பார்த்த இடமெல்லாம் துணி. தடிமாடுகள் இரண்டும் ஓடி வந்தன.

"வந்துட்டியாம்மா? நல்லவேளை. ரொம்பப் பசிக்குது."

என் கை தானாகவே முந்தானையை இழுத்துச் செருகிவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செருகியதை உருவி விட்டேன். நேரே போய் சோபாவில் கிடந்த ஈரத்துண்டின் மேலேயே உட்கார்ந்தேன்.

"நான் இன்னும் கப்பலை விட்டு இறங்கல."

பெரியவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"எப்பம்மா இறங்குவ?"

"தொட்டி காலியானதும் வந்து சொல்லு. யோசிக்கறேன்."

அவர் பையை வைத்துவிட்டு என் பக்கத்தில், துண்டின் மீதிப் பாதியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சின்னவன் முன்னால் போக, பெரியவன் பின்னால் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு தட்டு விழுந்து சுக்குநூறாக உடைந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.