சிந்தியாவின் பென் டிரைவ்

பெங்களூரு பிரேசர் டவுனில் எங்கள் கட்டடத்தில் யாருடைய லேப்டாப் படுத்தாலும் கீழ்வீட்டு ஞானசேகரனிடம்தான் போகும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவர். விண்டோஸ் செத்த மெஷினில் ஒரு பென் டிரைவைச் செருகி, விண்டோஸுக்குப் பதிலாக அதிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுத்துவிடுவார். கூடவே திட்டும் கிடைக்கும். "பேக்கப் எடுக்கலையா? மூளைய எங்க அடகு வெச்சீங்க?" என்று என்னையே கேட்டிருக்கிறார்.

அவர் மனைவி சிந்தியா போன வருடம் புற்றுநோயில் போய்விட்டாள். மகள் ஆஞ்சலா தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கேட்க வேண்டும் என்று, ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். அது ஒரே ஒரு பென் டிரைவில் இருந்தது. நகல் எடுக்க அதைத் திறக்க வேண்டுமே! அந்த மனுஷனுக்குத் துணிச்சல் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கல்யாணம் நெருங்கியதும் ஒருவழியாக அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். திறக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் நானும் என் மகன் நரேஷும் உள்ளே நுழைந்தோம்.

"அங்கிள், லேப்டாப் ஆனே ஆகல. நாளைக்கு இன்டர்வியூ. ஏதாச்சும் பண்ணுங்க, ப்ளீஸ்."

அவருக்கு அது நல்ல சாக்காகிவிட்டது. நரேஷுக்கு லினக்ஸ் எழுதித் தர இன்னொரு புது பென் டிரைவை எடுத்துப் பக்கத்திலேயே செருகினார். இரண்டும் ஆயுத பூஜைக்கு ஆபீசில் கொடுத்தவை. நிறம், அளவு எல்லாம் ஒன்றே. திரையிலும் ஒரே பெயரில் மேலும் கீழுமாக நின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. எத்தனையோ தடவை பார்த்த கேள்வி. பழகிய கை தானாகச் 'சரி'யை அழுத்தியது.

எழுதி முடிந்ததும் புது டிரைவைக் கழற்றி நரேஷின் லேப்டாப்பில் செருகினார். ஒன்றும் வரவில்லை. திரும்பச் செருகினார். வரவில்லை. மெதுவாகச் சிந்தியாவின் டிரைவைக் கழற்றிச் செருகினார். லினக்ஸ் பளிச்சென்று வந்தது.

"வந்துடுச்சு அங்கிள்! சூப்பர்!" என்று என் பையன் குதித்தான். அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு வாரம் என்னென்னவோ ஓட்டிப் பார்த்தார். பதிவு இருந்த இடத்தின் மேலேயே லினக்ஸ் உட்கார்ந்திருந்தது. மேலே எழுதிவிட்டால் திரும்பாது என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரும் அவர்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆஞ்சலாவிடம் நடந்ததைச் சொன்னார். நானும் இருந்தேன். அவள் பதறவில்லை. அவர் வளர்த்த பெண் ஏன் பதறப்போகிறாள்?

"சரி விடுங்க டாடி. பேக்கப் எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?"