தோற்றுப்போகும் டீச்சர்

சாரம் பகுதியில் என் மகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த டியூஷன் டீச்சரின் விரல்களில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ‘ஈ’ (e) என்ற எழுத்து வந்தால் முன்னாலிருக்கும் உயிரெழுத்து நீளும் என்பார். கேக் (cake), பைக் (bike) என்று எழுதிக் காட்டுவார். அதற்கு அடங்காத சொல்லை எந்தப் பிள்ளை கொண்டுவந்தாலும், “ஐயையோ, தோத்துட்டேன்!” என்று தலையில் கை வைத்துக்கொள்வார். அந்தச் சொல்லையும் பிள்ளையின் பெயரையும் நோட்டில் எழுதுவார்.

“உங்க ரூலையே உடைக்க விடுறீங்களே மிஸ்?” என்றேன்.

“உடைக்கணும்னா படிச்சாகணுமே சார்.”

புத்தகத்தைக் கண்டாலே ஓடும் என் மகள், பிஸ்கட் உறை வரைக்கும் படித்துவிட்டு, “‘கிவ்’ (give) கடைசியிலயும் ‘ஈ’ இருக்கு, ஆனா நீளலையே மிஸ்” என்று போய் நின்றாள். டீச்சர் தலையில் கை வைத்தார்.

நோட்டை எட்டிப் பார்த்தேன். அதே சொல் ஏற்கெனவே ஏழு பெயர்களோடு இருந்தது. எட்டாவதாக என் மகள் பெயரை எழுதும்போதும் டீச்சர் முகத்தில் நடிப்பு தெரியவில்லை.