கசாமா போக பஸ் காசு

கசூபா, லோம்பேக்குப் பதினெட்டு குவாச்சா கடன்பட்டிருந்தாள். எழுபத்தாறாம் வருஷத்துக் கடன் அது.

கசூபா யாரென்று கிட்வேயில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். இன்று மூன்று மினி பஸ், பதினாறு வாடகை அறை, ஒரு கோழிப் பண்ணை. ஒருவரிடமும் கை நீட்டாமல் தானே சம்பாதித்தது. அதற்கெல்லாம் முன்னால், இந்தத் தாமிரச் சுரங்க ஊரில் பெண்கள் மட்டுமே சேர்ந்து நடத்திய முதல் ராக் குழுவில் டிரம்ஸ் அடித்தவள். குழுவின் பெயர் இன்குபா. இடி என்று பொருள். பேண்ட் போட்ட நாலு பெண்கள் மேடை ஏறியதைப் பார்த்துத் தொழிலாளர் மன்றத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கசூபா குச்சியை இறக்கினாள். மேசையில் கோப்பைகள் ஆடின. அப்புறம் ஒருத்தனும் சிரிக்கவில்லை.

கிட்டார் லோம்பே. அவள் மழைக் குலம், கசூபா காளான் குலம். எங்கள் பெம்பா ஜனங்களில் இந்த இரண்டு குலத்தாரும் எங்கே கண்டாலும் ஒருவரையொருவர் கேலி பேசி வாரியே ஆகவேண்டும். சாவு வீடானாலும் வாரலாம், கோபப்படத்தான் கூடாது.

"நாங்க பெய்யலன்னா நீங்கல்லாம் முளைக்கவே மாட்டீங்கடி" என்பாள் லோம்பே.

"முளைச்சு என்னத்த? உன் ஒழுகல்ல அழுகத்தானே!" என்பாள் கசூபா.

குழுவின் காசுப் பை கசூபாவிடம் இருந்தது. ஒரு மாதம் லோம்பேயின் பங்கையும் போட்டு டிரம்ஸோடு மாட்டும் வெண்கலத் தட்டு, புதுச் சிம்பல், ஒன்று வாங்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரமே லோம்பே வந்து நின்றாள்.

"என் பதினெட்டக் குடுடி. கசாமாவுக்கு பஸ் ஏறணும். அம்மா பிழைக்க மாட்டாங்களாம்."

கசூபா சிரித்தாள். "மழைக் குலத்துக் கிழவிதானே? அவ்வளவு சீக்கிரம் விடாது. தூறி முடியட்டும், போலாம்."

"கசூபா, காசக் குடு."

கசூபா மறுபடியும் சிரித்தாள். வழக்கப்படி அதில் குற்றம் கிடையாது. லோம்பே வேறெங்கோ கடன் வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. திரும்பி வந்து கிட்டாரைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். குழு அதோடு முடிந்தது. மற்ற இருவரும், முவென்யாவும் சிஷாலாவும், பிறகு எய்ட்ஸ் நோய் ஊரையே வாரிக்கொண்டு போன வருஷங்களில் போனார்கள். இரண்டு சாவுக்கும் வந்தவர்கள் சாப்பிடச் சோளமாவு மூட்டை இறக்கியது கசூபாதான். மூட்டைகளை எண்ணிப் பார்த்தாள். அழுகை வரவில்லை.

நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, தலைநகர் லுசாகாவில் வானொலியில் வேலை செய்யும் சூல்வே என்ற பெண் அவர்களுடைய பழைய இசைத்தட்டு ஒன்றைக் கண்டெடுத்தாள். இருக்கிற இரண்டு பேரையும், கூட இரண்டு இளம்பெண்களையும் சேர்த்து அதே மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி என்றாள். கசூபா உடனே சரியென்றாள். அவளுக்கு வேண்டியது கைதட்டல் இல்லை. லோம்பே ஒரே ஒரு தடவை வாரினால் போதும்.

லோம்பே கசாமாவிலிருந்து வந்து இறங்கினாள். "நல்லா இருக்கீங்களா?"

"இருக்கீங்களாவா? எனக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களாடி?"

"உங்களத்தான் கேட்டேன்."

காளான் குலத்தாளை மழைக் குலத்தாள் மரியாதையாகக் கூப்பிடுவது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். கசூபா விடவில்லை. ஒத்திகை நடந்த இரண்டு நாளும் சீண்டிப் பார்த்தாள். "என்னடி மழை, கிழவியானதும் தூறல்கூட இல்லியா?"

"சுருதி சேத்தாச்சு. நீங்க ஆரம்பிங்க."

நிகழ்ச்சி நடந்தது. மன்றம் நிரம்பி வழிந்தது. எழுபதை நெருங்கும் வயதில் ஒரு அடிகூடப் பிசகாமல் அடித்தாள் கசூபா. ஜனம் எழுந்து நின்று கத்தியது. அந்தச் சத்தம் அவளுக்கு அடுத்த வீட்டு ரேடியோ போலக் கேட்டது.

முடிந்ததும் சூல்வே ஒரு உறையைக் கசூபாவிடம் நீட்டினாள். "அந்தக் காலத்துல நீங்கதான் பங்கு பிரிப்பீங்களாமே அம்மா. இதையும் நீங்களே பிரிங்க."

கசூபா லோம்பேயின் பங்கை எடுத்தாள்.

"மேசை மேல வைங்க" என்றாள் லோம்பே, கிட்டாரைத் துடைத்துக்கொண்டே.

வைத்தாள். பிறகு தன் சொந்தப் பையைத் திறந்தாள். அரசாங்கம் குவாச்சாவின் மதிப்பில் மூன்று சைபரை வெட்டியெறிந்த பிறகு அந்தப் பதினெட்டுக்கு ஒரு தக்காளிகூட வராது. கசூபா பஸ் முதலாளி. கசாமாவுக்கு இன்றைக்கு என்ன கட்டணம் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தொகைக்கு இருபது குவாச்சா நோட்டுகளாக எடுத்தாள்.

"லோம்பே, நான் இப்ப வாரல. நீங்க அன்னைக்கு விளையாட்டுக்குக் கேக்கலன்னு ரெண்டாவது தடவ கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காசு கையில இல்ல. சிம்பல் வாங்கிட்டேன். அதச் சொல்ல வாய் வரல, சிரிச்சுட்டேன்."

சூல்வே மெதுவாக வெளியே போய்விட்டாள். லோம்பே துணியைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டி உள்ளங்கையை விரித்தாள்.

"எண்ணுங்க."

கசூபா எண்ணினாள். இருபது, நாற்பது, அறுபது. நூற்றெண்பது. கடைசி நோட்டு ஓரம் மடிந்திருந்தது. அதை நீவிவிட்டு மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"இருநூறு."